அகலமும் நுணுக்கமும்: ஒளிப்படக் கருவியின் நெறியும் காயல் நிலத்து ஆராய்ச்சியும்

1. தோற்றுவாய்

காயல்பட்டினத்துக் கடற்கரையில் நின்று ஒளிப்படம் எடுக்க முயல்வார் எவர்க்கும் ஓர் இடர்ப்பாடு நேரும். கரையின் நீண்ட வளைவு முழுதும் படத்துள் அடங்கவேண்டுமெனின், ஊரினுள் உயர்ந்து நிற்கும் பள்ளிவாசல் மினாரா ஒரு சிறு கோடாகச் சுருங்கிவிடும். மினாராவின் வேலைப்பாடு துலங்கவேண்டுமெனின், கடலும் கரையும் படத்தினின்று நீங்கிப்போம். இஃது எடுப்பாரின் திறக்குறைவன்று. கருவியின் குறையும் அன்று. அகலக் காண்டலும் நுணுகிக் காண்டலும் ஒரு வில்லையின்கண் ஒருங்கே நிறைவுறா என்னும் இயற்கை வரையறையின் பயனேயாம்.

இவ்வரையறை ஒளியியலார்க்கே உரியது எனக் கருதி நாம் வாளாவிருத்தற்கில்லை. இலக்கிய ஆராய்ச்சியும் ஒருவகைக் காட்சியே. ஒரு நூற்றாண்டு முழுவதையும் ஒரு பக்கத்தில் அடக்கிக் கூறுவார் ஒருசாரார். ஒரு சொல்லின் ஓர் உருபை முப்பது பக்கம் ஆராய்வார் மற்றொருசாரார். முன்னவரைப் பின்னவர் ‘மேற்போக்கினர்’ என்பர். பின்னவரை முன்னவர் ‘காட்டைக் காணாது மரத்தைக் கண்டவர்’ என்பர். இருதிறத்தார் பூசலும் பெரும்பாலும் ஒரு பிழையினின்றே தோன்றுகின்றது. ஒரு சான்று எவ்வளவு நுண்மையை உடையதோ அதனினும் மிக்க நுண்மையை அதனிடத்து வேண்டி நிற்றலே அப்பிழை. இதனை முதற்கண் கருவியின் இயல்பால் விளக்கி, பின்னர்க் காயல் நிலத்தோடு தொடர்புடைய இரண்டு சிக்கல்களில் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

2. வில்லையின் வரையறை

ஒளிப்படக் கருவியில் வில்லைக்கும் படம் விழும் தளத்திற்கும் இடையே அமைவது குவியத்தூரம் எனப்படும். அது குறுகின் காட்சி அகலும். நீளின் காட்சி ஒடுங்கும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள தளத்தில் 50 மில்லிமீட்டர் வில்லையை அமைத்தால் ஏறத்தாழ 40 பாகைக் காட்சி கிடைக்கும். 24 மில்லிமீட்டர் வில்லை 74 பாகையை அடக்கும். 200 மில்லிமீட்டர் வில்லையோ 10 பாகையளவே காட்டும்.

இனி, அத்தளத்தின் அகலவாட்டில் 6,000 உணர்புள்ளிகள் உள எனக் கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கரையை 24 மில்லிமீட்டர் வில்லையால் நோக்கின் 1,500 மீட்டர் அகலம் படத்துள் அடங்கும். ஒரு புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் இடம் உரியதாகும். 50 மில்லிமீட்டர் வில்லையால் நோக்கின் 720 மீட்டர் அடங்கும். புள்ளிக்கு 12 சென்டிமீட்டர். 200 மில்லிமீட்டர் வில்லையால் நோக்கின் 180 மீட்டரே அடங்கும். ஆனால் புள்ளிக்கு 3 சென்டிமீட்டர். மூன்றிலும் புள்ளிகளின் தொகை ஒன்றே. அப்புள்ளிகளைப் பரப்பி வைக்கிறோமா, செறித்து வைக்கிறோமா என்பதே வேறுபாடு. ஒருவன் கைக்கொண்ட விதைநெல் இவ்வளவு என வரையறுக்கப்பட்டபின், அதனைப் பத்து வயலில் தூவினும் ஒரு வயலில் தூவினும் நெல்லின் அளவு மாறாமை போல்வது இது.

அங்ஙனமாயின் புள்ளிகளின் தொகையைப் பெருக்கிவிடலாமே எனின், அதற்கும் எல்லை உண்டு. நுண்மையை இருமடங்காக்கின் அகலத்திலும் உயரத்திலும் புள்ளிகள் இரட்டித்து, மொத்தம் நான்மடங்காதல் வேண்டும். புள்ளி சிறுத்தால் அதன்கண் விழும் ஒளியும் சிறுக்கும். மேலும், ஒளி அலையாய் இயங்குதலின், வில்லையின் வாய் குறுகுந்தோறும் ஒரு புள்ளியின் உருவம் பரந்து படியும். அப்பரப்பினும் சிறிய உணர்புள்ளிகளை எத்துணை அடுக்கினும் புதுச்செய்தி ஒன்றும் கிடையாது. வாயை அகற்றின், அகன்ற காட்சியின் ஓரங்களில் உருவம் கோணலுற்று மங்கும். அதனைத் திருத்த வில்லைகள் பல கூட்டவேண்டும். ஒன்றைப் பெறின் ஒன்றை இழத்தல் இங்கு நியதி.

இதனோடு சேர்த்து அறியவேண்டியது ‘வெற்றுப் பெருக்கம்’ என்பது. உருப்பெருக்கியில் ஓர் அளவிற்கு மேல் பெருக்கினால் உருவம் பெரிதாகும். ஆனால் அதன்கண் உள்ள செய்தி பெரிதாகாது. சிறு படத்தை எடுத்துச் சுவரளவு விரிப்பார்க்குக் கிடைப்பது மங்கிய சுவரேயன்றி நுண்மையன்று. படம் பதிந்த காலத்தில் அதன்கண் இல்லாத ஒன்றைப் பின்வரும் பெருக்கம் படைத்துத் தாராது. ஆராய்ச்சி மாணவர் மனத்திற் பதிக்கவேண்டிய கருத்து இதனினும் பிறிதில்லை.

3. முக்கண் அமைப்பு

இயற்கை இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்பது நம் கண்ணைக் கண்டால் விளங்கும். இரு கண்ணும் சேர்ந்து காணும் பரப்பு மிகப் பெரிது. ஆயினும் தெளிவாகக் காணும் பகுதி நடுவில் ஏறத்தாழ இரண்டு பாகையளவே. எஞ்சிய பரப்பெல்லாம் மங்கலாகவே தெரிகின்றது. அம்மங்கிய பரப்பு ‘ஆண்டு ஏதோ அசைகின்றது’ என அறிவிக்க, நடுக்கண் ஆண்டுச் சென்று நோக்கித் தெளிகின்றது. ஏட்டை வாசிக்குங்கால் கண் சொல்லுக்குச் சொல் தாவிச் செல்லுதலும் இதனாலேயே. அகலமும் நுணுக்கமும் ஈண்டு ஒரே நொடியில் ஒன்றுபடவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டுகின்றது.

இந்திய விண்வெளி ஆராய்ச்சியாளர் கையாண்ட முறையும் இதனோடு ஒத்தது. 2003 அக்டோபர் 17இல் செலுத்தப்பெற்ற ரிசோர்ஸ்சாட்-1 என்னும் செயற்கைக்கோள் 817 கிலோமீட்டர் உயரத்தினின்று நிலத்தை நோக்கியது. அதன்கண் மூவகைக் காமிராக்கள் அமைந்தன. முதலாவது 740 கிலோமீட்டர் அகலத்தை ஒருங்கே கண்டது. அதன் ஒரு புள்ளி 56 மீட்டர். இரண்டாவதாகிய லிஸ்-3 என்பது 141 கிலோமீட்டர் அகலம் கண்டது, புள்ளி 23.5 மீட்டர். மூன்றாவதாகிய லிஸ்-4 என்பது வண்ணப்படத்தில் ஏறத்தாழ 24 கிலோமீட்டரும் ஒருநிறப் படத்தில் 70 கிலோமீட்டரும் கண்டது, புள்ளி 5.8 மீட்டர். 141 கிலோமீட்டரை 23.5 மீட்டரால் வகுப்பின் சரியாக 6,000 வருதல் காண்க. விண்ணினும் விதைநெல்லின் கணக்கு மாறவில்லை. 2011 ஏப்ரல் 20இல் சென்ற ரிசோர்ஸ்சாட்-2இலும், 2016 டிசம்பர் 7இல் சென்ற ரிசோர்ஸ்சாட்-2ஏயிலும் இம்மூவகை அமைப்பே தொடர்ந்தது. லிஸ்-4இன் வண்ணப்பட அகலம் மட்டும் 70 கிலோமீட்டராக விரிந்தது.

இவ்வளவுகளைத் தாமிரபரணி நாட்டில் வைத்து நோக்குவோம். முதற்காமிராவின் ஒரு பட்டையில், கோடு ஒத்து அமையின், மேலைக்கடற்கரை முதல் ஈழத்தின் கீழைக்கரை வரை அடங்கும். ஆனால் அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ முக்கால் ஏக்கர். அந்நிலத்துள் உள்ள வீடும் தென்னையும் கிணறும் ஒரே நிறமாகிக் கலந்துவிடும். லிஸ்-3இன் பட்டையில் பொதிகை முதல் புன்னைக்காயல் முகத்துவாரம் வரை ஆறு முழுதும் அடங்கும். புள்ளி பதினான்கு சென்டுக்குச் சற்றுக் குறைவு. லிஸ்-4இல் ஒரு புள்ளி ஒரு சென்டு நிலத்தினும் சிறிது. ஆயினும் காயல்பட்டினத்து வீடுகளுக்கிடையே ஓடும் முடுக்கு என்னும் குறுஞ்சந்து அதற்கும் புலப்படாது. முடுக்கைக் காண வேண்டுவார் நடந்தே செல்லல் வேண்டும்.

இம்முறையில் கருதத்தக்கது, அறிஞர் நடுத்தரமான ஒரு வில்லையைத் தேடி அமையாமை. நடுத்தர வில்லை ஆற்றையும் முழுதாகக் காட்டாது. வீட்டையும் தெளிவாகக் காட்டாது. அவர்கள் பல கண்களை ஒரு தளத்தில் நிறுத்தி ஒரே நிலத்தை நோக்கச் செய்தனர். அதன்பின் நுண்படத்தை அகலப்படத்தின்மேல் உரிய இடத்தில் பொருத்துகின்றனர். அதற்கு இருபடத்திலும் ஐயமறத் தெரியும் பொது அடையாளங்கள் வேண்டும்: ஆற்றின் ஒரு வளைவு, குளக்கரையின் ஒரு முனை, இரண்டு சாலைகள் கூடும் இடம். பொது அடையாளம் இல்லாதவழி எத்துணைத் தெளிந்த நுண்படமாயினும் அஃது எந்நிலத்தது எனக் கூறல் இயலாது. ஆகவே, அகலமும் நுணுக்கமும் சமன்செய்தல் என்பது இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுதலன்று. இரண்டையும் முழுதாக வைத்துக்கொண்டு பொருத்துதலேயாம்.

4. காயல் எது?

இந்நெறி முதற்கண் பயன்படத்தக்க சிக்கல், இடைக்காலக் காயல் துறைமுகம் எது என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலைச் சிறந்த பெருநகர் எனவும், ஆர்மசு, ஏடன் முதலிய துறைகளினின்று குதிரைகளோடு வரும் மரக்கலங்கள் அடையும் இடம் எனவும் கூறினார். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், கொற்கைத் துறை வண்டலால் தூர்ந்தபின் கடலை நெருங்கிக் காயல் எழுந்தது எனவும், அது பழையகாயலே எனவும் கொண்டார். காயல்பட்டினம் அதனின் வேறு என்பது அவர் கருத்து. காயல்பட்டினத்துப் பழமையைப் போற்றுவார், அவ்வூரின் தொன்மையான பள்ளிவாசல்களையும் அடக்கத்தலத்துக் கல்வெட்டுகளையும் இடையறாக் கடல்வாணிக மரபையும் காட்டி, பெருநகர் தம்மூரே என்பர். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துக்கல் தொலைவும் இல்லை.

இவ்வழக்கில் சான்றுகளை அவற்றின் அளவால் முதலில் வகைப்படுத்தல் வேண்டும். போலோவின் கூற்று அகலப்படம். கடல்வழி நெடுகக் கண்ட துறைகளை வரிசையாகக் கூறிச் செல்பவர் அவர். ஒரு துறைக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடே அவர் கருத்தில் நின்றது. ஆற்றின் எக்கிளையின் எக்கரையில் நகர் நின்றது என்பது அவர் படத்தில் பதியவில்லை. பதியாத ஒன்றை அவர் சொற்களை விரித்து விரித்துப் பெற முயலுதல் மேலே கூறிய வெற்றுப் பெருக்கமாம். அவர் கூற்றுக் காயற்கரைக்குச் சான்று. ஒரு தெருவிற்குச் சான்றன்று.

ஆற்றின் வரலாறும் அகலப்படமே. ஆயினும் அது மிகப் பயனுடையது. தாமிரபரணி சுமந்துவந்த வண்டலால் கடற்கரை கிழக்கே நகர்ந்தமையும், சங்கப் பாடல்களில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று கடலினின்று விலகி உள்நாட்டில் நிற்றலும் ஓர் ஊரின் அகழ்குழியினுள் நின்று அறியத்தக்கன அல்ல. பொதிகை முதல் கடல்வரை ஒருசேரக் கண்டார்க்கே புலனாவன. கால்டுவெல் விண்படம் இல்லாத காலத்தில் ஊரூராகச் சென்று இதனை உய்த்துணர்ந்தமை அவர்தம் பெருமை.

அகழாய்வும் கல்வெட்டும் நுண்படங்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968–69இல் கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் கார்பன்-14 ஆய்வு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைச் சுட்டிற்று. இஃது அக்குழியின் அவ்வடுக்கிற்கு உறுதியான சான்று. ஆனால் இதனையே கொண்டு ‘கொற்கைப் பெருந்துறை அக்காலத்தே சிறந்து விளங்கிற்று’ எனக் கூறின், ஒரு புள்ளியைப் பரப்பு முழுதும் இழுத்து நீட்டியதாகும். அவ்வாறே பழையகாயலில் நிலத்தின்மேற் கண்ட ஓடுகளும், காயல்பட்டினத்து அடக்கத்தலக் கற்களும் தத்தம் இடத்துப் பழமையை நன்கு காட்டும். அவ்விடமே போலோ கண்ட நகர் என்பதனை அவை தாமே காட்டா.

இனிப் பொது அடையாளம் ஒன்று உண்டா என ஆராய்வோம். ‘காயல்’ என்னும் பெயரே அதுவெனப் பலர் கருதினர். ஆயின் காயல் என்பது கடலை அடுத்த கழியைக் குறிக்கும் பொதுச்சொல். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என அருகருகே மூன்றிடத்தும் அச்சொல் வழங்குதலால் அஃது ஊரைப் பிரித்துக்காட்டும் அடையாளமாகாது. கழிநிலம் முழுமையையும் காட்டும் அடையாளமே ஆகும். முகத்துவாரம் இடம்பெயரும் நிலத்தில் கலங்கள் நிற்குமிடமும் பண்டகசாலையும் குடியிருப்பும் ஒரே இடத்தில் அமைந்தன எனக் கொள்ளுதற்கு உறுதியில்லை. ‘எவ்வூர்?’ என்னும் வினாவே, போலோவின் புள்ளி ஓர் ஊரினும் சிறியது எனக் கருதி எழுந்தது. அப்புள்ளி மூன்று ஊரையும் உள்ளடக்குமளவு பெரிதாயிருத்தல் கூடும். ஆதலின், காயற்கரை இடைக்காலத்தில் பெருந்துறையாய் விளங்கிற்று என்பது துணிபு. இன்ன ஊரே அந்நகர் என்பார், அதனைப் போலோவின் ஏட்டினின்றன்றி நிலத்தினின்றே நிறுவக் கடமைப்பட்டவர்.

5. நாட்டுப்படலத்தின் நுண்மை

இரண்டாவது சிக்கல் இலக்கியத்தைப் பற்றியது. பதினேழாம் நூற்றாண்டின் உமறுப் புலவர் எட்டயபுரத்து அவைக்களத்தோடு தொடர்புடையவர். அவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களும் உடையது. அதனை 1842இல் அச்சேற்றி உலகிற்கு அளித்தவர் காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர். இக்காப்பியத்தின் நாட்டுப்படலத்தில் அரபுநாடு மழைவளமும் ஆற்றுப்பெருக்கும் நெல்வயலும் உடைய மருதமாக வருணிக்கப்படுகின்றது. இதனை, நாடறியாப் புலவர் செய்த பிழை என்பார் உளர். காப்பிய மரபு என ஒரு சொல்லாற் கூறி அமைவாரும் உளர். இருவர் விடையும் நிறைவு தருவனவல்ல.

உமறுப் புலவர்க்கு அரபுநாட்டைப் பற்றிக் கிடைத்த அறிவு இருவகைத்து. நபிகள் வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அரபு நூல்களின் வழிவந்த நுண்ணிய செய்தி அவர்க்குக் கிடைத்தது. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் புலவர் உரைபெற விழைந்தார் என்னும் செவிவழிச் செய்தி, அந்நுண்மையைப் புலவர் எத்துணை அருமையாகக் கருதினார் எனத் தமிழ் முசுலிம்கள் எண்ணினர் என்பதனைக் காட்டும். ஆனால் அந்நாட்டின் மண்ணையும் பயிரையும் நீரையும் பொறுத்தவரை அவர்க்குக் கிடைத்தது அகலக் காட்சியே.

நுண்மை கிட்டாத இடத்தில் புலவர்முன் மூன்று வழிகள் உள. ஒன்று, அவ்விடத்தை வெறுமையாக விடுதல். நாட்டுச் சிறப்பில்லாக் காப்பியத்தை அக்கால அவை ஏலாது. மற்றொன்று, கிடைத்த சிறிதையே பெருக்குதல். அது வெற்றுப் பெருக்கமாய்ச் சுவையிழக்கும். மூன்றாவது, தாம் நுணுகி அறிந்த நிலத்தின் படத்தை அச்சட்டத்துள் வைத்தல். உமறுப் புலவர் மூன்றாவதைக் கொண்டார். கோசலத்தைத் தமிழ் மருதமாகக் காட்டிய கம்பர் நெறியும் இதுவே. எனவே, சட்டம் அரபுநாட்டினது. உள்ளிருக்கும் நுண்படம் தென்னாட்டினது. புலவர்க்கு இது பிழையன்று. அந்நுண்படத்தை அரபுநாட்டுக்குச் சான்றாகக் கொண்டு குற்றங்காணும் திறனாய்வாளனே இடம் மாற்றிப் பொருத்தியவன் ஆகின்றான்.

எனினும் இதனோடு நின்றுவிடின் மற்றொரு பிழைக்கு இடமுண்டு. ‘அங்ஙனமாயின் நாட்டுப்படலம் பதினேழாம் நூற்றாண்டுத் தாமிரபரணிக் கரையின் நேர்ப்படம்’ எனச் சிலர் துணியக்கூடும். அதுவும் பொருந்தாது. நடுதல், களைதல், அறுத்தல், மள்ளர் ஆரவாரம் முதலிய கூறுகள் காப்பியந்தோறும் வழிவழி வந்தன. ஒரு படத்தைப் பார்த்து எழுதிய மற்றொரு படம் அவை. எவ்வளவு மரபு, எவ்வளவு நேர்க்காட்சி எனப் பிரித்தறிய, முன்னைக் காப்பியங்களின் நாட்டுப்படலங்களோடு பாட்டுப்பாட்டாக ஒப்பிட்டு, அவற்றில் இல்லாததும் இதன்கண் உள்ளதுமாகிய கூறுகளைத் தனியே எடுத்தல் வேண்டும். அவ்வெஞ்சிய கூறுகளே உமறுப் புலவரின் கண்ணுக்குச் சான்றாகும். மரபு என்னும் அகலப்படமும் பாடல் என்னும் நுண்படமும் பொருந்தும் பொது அடையாளம் ஆண்டே கிடைக்கும். இவ்வொப்பீடு முழுமையாகச் செய்யப்பெறின் ஒரு சிறந்த ஆய்வேட்டிற்குரிய பொருளாம்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒரு சான்றினைக் கொள்ளுமுன், அஃது எத்துணை அகலம் காண்கின்றது, அதன் ஒரு புள்ளி எத்துணைப் பெரிது என இரண்டையும் வினவுதல் வேண்டும். அதன்கண் பதியாததைப் பெருக்கிப் பெற முயலலாகாது. அகலச்சான்றையும் நுண்சான்றையும் ஒன்றற்கொன்று பகையாக்காது, பொது அடையாளம் கண்டு பொருத்துதல் வேண்டும். அவ்வடையாளம் கிட்டாதவரை முடிபினை நிறுத்திவைத்தலே அறிவுடைமை.

தொல்காப்பியர் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை ஒருபுறமும், பறவையும் மரமும் தொழிலுமாகிய கருப்பொருளை ஒருபுறமும் வகுத்து, இரண்டையும் உரிப்பொருளில் இணைத்தமை நாமறிந்ததே. முதற்பொருள் அகலம், கருப்பொருள் நுணுக்கம். ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளுதல் அவர் கருத்தன்று. ஆதலின் இந்நெறி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று, பயிலாது விட்டதேயாம்.

காயல்பட்டினத்திற்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் செயற்கைக்கோள் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. இக்கரையினின்று மேலெழும் கண்கள் இக்கரையையே நோக்கும் காலம் வரும். அவை ஆற்றின் பழந்தடங்களை இன்னும் தெளிவாகக் காட்டலாம். அன்றும் அடக்கத்தலத்துக் கல்லில் தேய்ந்த ஓர் எழுத்தைப் படிக்க ஒருவர் குனிந்தே நோக்கல் வேண்டும். அவ்வெழுத்து எந்நிலத்தது, எக்காலத்தது என அறிய அவரே நிமிர்ந்து ஆற்றையும் கடலையும் நோக்கல் வேண்டும்.